குற்றம் சாட்டப்பட்ட குடிமகனுக்கு அரசு பட்ட கடன்

ஏற்காட்டில் லேடீஸ் சீட் முனையில் நின்றால் காலடியில் சேலம் நகரம் விரிந்து கிடக்கும். மழை ஓய்ந்து வானம் வெளுத்த நாளாக இருந்தால் மேற்கே தூரத்தில் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பும் மினுங்கும். தொலைநோக்கிக்கு முன்னால் வரிசையில் நிற்கும் சுற்றுலாப் பயணிகளுக்கு அணையோடு காட்சி முடிந்துவிடுகிறது. அந்தத் தண்ணீருக்கு அப்பால், மைசூர் போகும் சாலையில், கொளத்தூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1980களின் நடுவில் அதன் அருகே விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் இயங்கியது. திராவிடர் கழகத்துக்காரரான கொளத்தூர் மணி இடம் கொடுத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பொன்னம்மான் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்தார். அந்த இடத்துக்குப் புலியூர் என்று விழுந்த பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது.

இது ஒளித்து வைத்த காரியமல்ல. ஈழப் போராளிகளுக்கு 1983 முதல் பயிற்சி கொடுக்கத் தொடங்கியதே இந்திய அரசுதான். அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். கோடிக்கணக்கில் பணம் கொடுத்ததைப் புலிகளின் ஆலோசகர் அன்டன் பாலசிங்கமே எழுதி வைத்திருக்கிறார். ராஜீவ் காந்தி கொலையின் பின்னணியை விசாரித்த ஜெயின் ஆணையத்தின் 1997 இடைக்கால அறிக்கையில் தமிழ்நாட்டு முகாம்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. டெல்லி ஒரு கையால் கொடுத்தது, சென்னை இன்னொரு கையால் கொடுத்தது. நடுவில் சோறு போட்டவர்கள் கொளத்தூர் போன்ற ஊர்களின் மக்கள்.

பிறகு காற்று திசை மாறியது. பெங்களூரில் சார்க் மாநாடு கூடுவதற்கு முன்பாக, 1986 நவம்பர் 8 அன்று தமிழகக் காவல்துறை ஒரே நாளில் போராளிகளின் ஆயுதங்களைப் பறித்தது. 1987 அக்டோபரில் அதே புலிகளோடு இந்திய ராணுவம் போருக்குப் போனது. 1990 ஜூனில் சென்னைக் கோடம்பாக்கத்தில் இன்னொரு ஈழ இயக்கத்தின் தலைவரான பத்மநாபாவைப் புலிகள் கொன்றார்கள். 1991 ஜனவரியில் கருணாநிதி அரசு கலைக்கப்பட்டதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று புலிகள். அந்த ஆண்டு மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். 1992 மே 14 அன்று புலிகள் இயக்கம் தடை செய்யப்பட்டது. தடை நீட்டிக்கப்பட்டுக்கொண்டே வந்து, கடைசியாக 2024 மே மாதத்தில் மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு நீண்டிருக்கிறது. இயக்கம் 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்துபோனது, தடை முடியவில்லை.

வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பில் சேர்ந்ததாகக் குற்றம் சாட்டப்படும் குடிமகனுக்கு அரசு என்ன கடமைப்பட்டிருக்கிறது என்ற கேள்வியை உலகம் ஐ.எஸ். அமைப்புக்குப் பிறகுதான் உரக்கக் கேட்கத் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு அது பழைய கேள்வி. விருந்தாளியாக வந்த அமைப்பே எதிரியானதையும், அரசு மாறிய வேகத்தில் மாறத் தெரியாத சாதாரண ஆட்கள் அதில் மாட்டிக்கொண்டதையும் இந்த மாநிலம் கண்ணால் பார்த்திருக்கிறது. அதனால் இங்கிருந்தே தொடங்குவதுதான் முறை.

முதலில் எது குற்றம் என்பதைப் பார்ப்போம். சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின், அதாவது ‘உபா’வின் முதல் அட்டவணையில் புலிகள் இயக்கமும் இருக்கிறது, ஐ.எஸ். அமைப்பும் இருக்கிறது. இந்தப் பட்டியலில் உள்ள அமைப்பில் உறுப்பினராக இருப்பதைக் குற்றமாக்கும் 38ஆம் பிரிவில், படிக்காமல் கடந்துபோகிற ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நான் சேர்ந்த காலத்தில் அந்த அமைப்பு தடை செய்யப்படவில்லை, தடைக்குப் பிறகு அதன் எந்த வேலையிலும் நான் பங்கெடுக்கவில்லை என்ற இரண்டையும் ஒருவர் நிரூபித்தால் அந்தப் பிரிவு அவர் மேல் பாயாது. கொளத்தூரில் மூட்டை தூக்கியவருக்காகவே எழுதியது போன்ற வாசகம். ஆனால் நிரூபிக்க வேண்டியவர் அவர்தான், அரசு அல்ல. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு வேலையை விட்டுவிட்டேன் என்பதை எந்தக் காகிதத்தைக் காட்டி நிரூபிப்பது? இயக்கத்தில் சேர்ந்ததற்கு ரசீது கிடையாது, விலகியதற்கும் கிடையாது.

ஆதரவும் உறுப்பினராக இருப்பதும் ஒன்றா என்ற கேள்வியும் தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2002 ஜூன் 29 அன்று திருமங்கலம் கூட்டத்தில் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக வைகோ ஜூலை 11 அன்று பொடா சட்டத்தில் கைதாகி, வேலூர் சிறையில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருந்தார். பொடாவைக் கொண்டுவந்த ஆட்சியின் கூட்டணியில் அவருடைய கட்சியும் இருந்தது என்பதைச் சரித்திரத்தின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்குப் பின் பழ. நெடுமாறனும் கைதானார். 2003 டிசம்பர் 16 அன்று வந்த தீர்ப்பில், பயங்கரவாதச் செயலுக்கு உதவும் நோக்கம் இல்லாமல் வெறுமனே தார்மீக ஆதரவு தெரிவிப்பது அந்தச் சட்டத்தின் கீழ் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. 2011இல் அரூப் புயான் வழக்கில் அது இன்னும் ஒரு படி மேலே போய், தடை செய்யப்பட்ட அமைப்பில் பெயரளவுக்கு உறுப்பினராக இருப்பது மட்டும் குற்றமல்ல, வன்முறையில் இறங்கியிருக்க வேண்டும் அல்லது பிறரைத் தூண்டியிருக்க வேண்டும் என்றது. 2023 மார்ச் 24 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருப்பிப்போட்டது. தடை செய்யப்பட்ட அமைப்பின் உறுப்பினராகத் தொடர்வதே குற்றம் என்பதுதான் இன்றைய சட்டம்.

என் பார்வையில் இது பின்னோக்கி வைத்த அடி. அமைப்பின் பெயர் நல்லதா கெட்டதா என்பதை வெளியுறவுக் கொள்கை தீர்மானிக்கிறது. அது பத்து ஆண்டுக்கு ஒருமுறை புரளக்கூடியது என்பதற்குக் கொளத்தூரே சாட்சி. ஒரு மனிதர் என்ன செய்தார் என்பது மட்டும்தான் புரளாதது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் ஒரு பிணை மனுவைக் கையாண்ட விதம் இங்கே நினைவுகூரத்தக்கது. சேலத்துக்குப் பக்கத்தில் உள்ள ஈரோட்டைச் சேர்ந்த ஒருவர், ஐ.எஸ். அமைப்பில் சேர முயன்றதாக 2022 ஜூலையில் கைதானவர். சேர்ந்துவிட்டாரா, சேர ஆசைப்பட்டாரா, அதற்கு என்ன ஆதாரம், காவல்துறை சொல்லும் சதி சட்டத்தில் சொல்லப்பட்ட பயங்கரவாதச் செயல் என்ற வரையறைக்குள் வருகிறதா என்று நீதிபதிகள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துப் பிணை கொடுத்தார்கள். குற்றச்சாட்டின் கனத்தைப் பார்த்து மிரளாமல் ஆதாரத்தின் கனத்தைத் தூக்கிப் பார்ப்பது நீதிமன்றத்தின் அன்றாட வேலைதான். உபா வழக்குகளில் அந்த அன்றாட வேலையே அபூர்வமாகிவிட்டது. சேர்வராயன் மலையடிவாரத்திலேயே, ஓமலூர் அருகே 2022 மே மாதம் நடந்த வாகனச் சோதனையில் துப்பாக்கிகளோடு இரண்டு இளைஞர்கள் பிடிபட்டார்கள். புலிகளைப் போல ஓர் அமைப்பைத் தொடங்க நினைத்தார்கள் என்று அந்த வழக்கை எடுத்துக்கொண்ட தேசியப் புலனாய்வு முகமை சொன்னது. இல்லாமல் போய்ப் பதின்மூன்று ஆண்டுகளான ஓர் இயக்கத்தின் பெயருக்கு அப்போதும் இவ்வளவு பாரம் இருந்தது.

இனி, இப்படி ஓர் அமைப்பில் சேர வெளிநாடு போனவர் திரும்பி வருவது பற்றி. தன் சொந்த நாட்டுக்குள் நுழையும் உரிமையை யாரிடமிருந்தும் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது என்கிறது குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பு. இந்தியா 1979இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. இந்தியக் குடியுரிமைச் சட்டமும் இந்த விஷயத்தில் பல பணக்கார நாடுகளின் சட்டத்தைவிட மேலானது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றவர்களிடமிருந்து சில காரணங்களுக்காக அதைப் பறிக்க இடம் கொடுக்கிறது. பிறப்பால் குடிமக்களானவர்களிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அவர்களே வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பி வாங்கினாலன்றி அவர்கள் இந்தியர்கள்தான். ஈராக்கின் மோசூலில் ஐ.எஸ். அமைப்புக்காகத் துப்பாக்கி பிடித்தாலும் இந்தியர்கள்தான்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 2015 பிப்ரவரியில் கிழக்கு லண்டனிலிருந்து சிரியாவுக்குப் போன ஷமீமா பேகத்துக்கு அப்போது வயது 15. நான்கு ஆண்டு கழித்து அகதி முகாமில் அவரைப் பத்திரிகையாளர் கண்டுபிடித்த சில நாட்களிலேயே உள்துறை அமைச்சர் அவருடைய குடியுரிமையைப் பறித்தார். பெற்றோர் வழியில் வங்கதேசக் குடியுரிமைக்கு உரியவர் என்பது சொல்லப்பட்ட நியாயம். வங்கதேசம் எங்களுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்றது. சிரியாவில் அவர் பெற்ற மூன்று குழந்தைகளும் இறந்துபோனார்கள். வழக்கு 2024 வரை படி ஏறி இறங்கியது. பறித்தது பறித்ததாகவே நிற்கிறது. வீட்டில் கெட்டுப்போன பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவது போன்ற தந்திரம் இது. பிரான்ஸ் பறிக்கவில்லை, ஆனால் அழைத்து வரவும் தயங்கியது. அதன் குடிமக்கள் 11 பேருக்கு 2019இல் பாக்தாத் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. தூக்குத் தண்டனையை ஒழித்த நாடு தன் குற்றவாளிகளைத் தூக்குத் தண்டனை உள்ள நாட்டின் தலையில் கட்டிவிட்டது என்று பிரான்சிலேயே கேள்வி எழுந்தது. சிரிய முகாம்களில் கிடந்த பெண்களை அழைத்து வரக் கேட்ட கோரிக்கைகளைத் தன்னிச்சையாகத் தள்ளியது தவறு என்று 2022 செப்டம்பர் 14 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரான்சைக் கண்டித்தது. யாரும் எதிர்பாராத கஜகஸ்தான் 2019இல் சிரியாவுக்கு விமானங்களை அனுப்பி, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 600 பேரை அழைத்து வந்தது. வந்த ஆண்கள் மேல் வழக்கு நடந்தது.

இந்தியாவின் சட்டம் மேல் என்றேன், நடைமுறை அப்படியல்ல. 2016 மே, ஜூன் மாதங்களில் கேரளத்தின் காசர்கோடு, பாலக்காடு பகுதிகளிலிருந்து 21 பேர் குடும்பம் குடும்பமாக ஆப்கானிஸ்தானின் நங்கர்ஹார் மாகாணத்துக்குப் போனார்கள். ஆண்களில் பலர் சண்டையில் மாண்டார்கள். 2019 இறுதியில் சரணடைந்தவர்களில் நான்கு கேரளப் பெண்கள் குழந்தைகளோடு காபூலின் புல்-இ-சர்க்கி சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்கள் மேல் இந்தியாவில் வழக்கு இருந்தது. சர்வதேசப் போலீஸ் மூலம் சிவப்பு நோட்டீசும் விடப்பட்டிருந்தது. இந்தியாவுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் இடையே குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தம் 2016இலேயே கையெழுத்தாகியிருந்தது. அரசுகளுக்கு இடையே அப்போது நல்ல நட்பும் இருந்தது. ஆட்களைக் கேட்டு வாங்குவதற்கு வேறு என்ன வேண்டும்? ஆனால் அவர்கள் திரும்ப அனுமதிக்கப்பட வாய்ப்பில்லை என்று 2021 ஜூனில் செய்தி வந்தது. ஒரு பெண்ணின் தாய் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இன்னொரு பெண்ணின் தந்தை மகளுக்காகவும் பேத்திக்காகவும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவருடைய மனுவை எட்டு வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுங்கள் என்று 2022 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. அதற்குள் காபூல் தாலிபான்களிடம் போய் நாலரை மாதம் ஆகியிருந்தது. 2021 ஆகஸ்ட் 15 அன்றே சிறைக் கதவுகள் திறந்துவிடப்பட்டிருந்தன.

அழைத்து வராமல் இருப்பது பாதுகாப்புக்காக என்று சொல்வார்கள். புல்-இ-சர்க்கியில் நடந்ததைப் பார்த்தால் அந்த வாதம் தலைகீழாகத் தெரிகிறது. நீதிமன்றக் காவலில், கண்ணூரிலோ திருச்சூரிலோ ஒரு சிறையில் இருக்க வேண்டியவர்கள், யார் கணக்கிலும் இல்லாதவர்களாகப் போனார்கள். சிவப்பு நோட்டீஸ் விட்டுத் தேடும் ஆள் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும்போது வேண்டாம் என்பதில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது? வெளிநாடு போய்ப் பயங்கரவாதப் பயிற்சி பெறுவோர் மேல் வழக்குத் தொடரும் பொறுப்பை எல்லா நாடுகளுக்கும் விதித்தது ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2014ஆம் ஆண்டுத் தீர்மானம் 2178. வழக்குத் தொடர ஆள் வேண்டும். பாதிக்கப்பட்ட ஆப்கானியர்களுக்கும் ஈராக்கியர்களுக்கும் இந்தியா பட்டிருக்கும் கடன் இந்த வழியில்தான் தீரும்.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது குல்பூஷண் ஜாதவ் வழக்கு. 2016இல் பாகிஸ்தான் அவரைப் பிடித்து, உளவு பார்த்தார், பயங்கரவாதத்துக்கு உதவினார் என்று குற்றம் சாட்டி, 2017 ஏப்ரலில் ராணுவ நீதிமன்றத்தில் மரண தண்டனை விதித்தது. இந்தியத் தூதரக அதிகாரிகள் அவரைப் பார்க்க விடவில்லை. இந்தியா ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. தூதரக உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் உறுப்பு, குற்றச்சாட்டு எவ்வளவு பெரியது என்று பார்த்து உரிமை தருவதில்லை. உளவாளி என்று சொல்லிவிட்டால் உரிமை போய்விடாது என்று வாதிட்டது. 2019 ஜூலை 17 அன்று பதினைந்துக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. நல்ல வாதம், நியாயமான வெற்றி. அதே இந்தியாவின் நான்கு குடிமக்கள் அதே ஆண்டின் இறுதியில் வேறொரு நாட்டின் சிறைக்குப் போனபோது அந்த வாதத்தை யாரும் எடுத்துப் பேசவில்லை. இரண்டு வழக்குகளின் உண்மைகளும் வேறு வேறு என்பது சரிதான். ஹேக்கில் நாம் சொன்னதோ, உண்மை எதுவாக இருந்தாலும் உரிமை உண்டு என்பதுதான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இஸ்தான்புலில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் கதவு ஓரிருவருக்காவது திறந்திருக்கிறது. மும்பையை அடுத்த கல்யாணிலிருந்து 2014 மே மாதம் ஈராக்குக்குப் போன நால்வரில் ஒருவர் அந்தத் தூதரகத்தைத் தொடர்புகொண்டு அதே ஆண்டு நவம்பரில் மும்பை வந்து இறங்கினார், இறங்கியதும் கைதானார். 2015இல் துருக்கி வழியாக மோசூலுக்குப் போன, தென்காசிப் பக்கத்துக் கடையநல்லூரைப் பூர்வீகமாகக் கொண்டவரும் அதே கதவைத் தட்டித்தான் அந்த ஆண்டு செப்டம்பரில் திரும்பினார். 2016 அக்டோபரில் கடையநல்லூரில் கைது செய்யப்பட்டார். வயநாட்டைச் சேர்ந்த இன்னொருவரை 2018இல் ஆப்கானிஸ்தான் திருப்பி அனுப்பியது. டெல்லியில் இறங்கிய அவரை அரசு கைது செய்தது, வழக்கு நடத்தியது, தண்டனையும் வாங்கிக் கொடுத்தது. ஆக, அழைத்து வந்து விசாரிப்பது நடக்காத காரியம் என்று சொல்ல முடியாது. ஆணுக்கு நடந்தது, பெண்ணுக்கும் குழந்தைக்கும் நடக்கவில்லை.

கடையநல்லூர் வழக்கு இந்தியச் சட்ட வரலாற்றில் தனி இடம் பெறத் தகுந்தது. மோசூலில் நடந்ததைக் கொச்சியில் எப்படி விசாரிப்பது? வெளிநாட்டில் செய்த குற்றத்துக்கும் இந்தியக் குடிமகன் மேல் இங்கே வழக்குத் தொடரலாம். ஆனால் மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 188ஆம் பிரிவு, இப்போதைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 208. எந்தக் குற்றம் என்று தேடியபோது வழக்கில் வந்து நின்றது 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. இந்திய அரசோடு நட்பாக இருக்கும் ஆசிய அரசு ஒன்றின் மேல் போர் தொடுப்பது என்ற அந்தக் குற்றம் வெள்ளைக்காரன் காலத்தில், அண்டை சமஸ்தானங்களையும் ராஜ்ஜியங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் அலமாரியில் கிடந்த பிரிவைத் தூசி தட்டி எடுத்து, 2020 செப்டம்பர் 28 அன்று கொச்சி சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. புதிய நியாய சன்ஹிதாவில் இது 153ஆம் பிரிவாகி, ஆசிய அரசு என்பது நட்பில் உள்ள எந்த வெளிநாட்டு அரசும் என்று விரிந்துவிட்டது. தீர்ப்பின் ஒவ்வொரு வரியோடும் உடன்பட வேண்டியதில்லை. ஒருவர் வழக்கறிஞரோடு, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து, மேல்முறையீட்டு உரிமையோடு விசாரிக்கப்பட்டார் என்பதுதான் ஷமீமா பேகத்துக்குக் கிடைக்காத விஷயம்.

விசாரணை என்றால் அது முடியவும் வேண்டும். கல்யாண் இளைஞர் 2014 நவம்பரில் கைதானார். 2021 பிப்ரவரி 23 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அவருடைய பிணையை உறுதி செய்தபோதும் வழக்கு முடிந்தபாடில்லை. வாய்தா வாய்தாவாக ஆறு ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தபடியே தன் வழக்கைத் தானே வாதாடக் கற்றுக்கொண்டார். உபாவின் 43டி(5) பிரிவு, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தாலே பிணை மறுக்கச் சொல்கிறது. விசாரணை இழுத்துக்கொண்டே போனால் அந்தப் பிரிவும் அரசியல் சட்டத்தின் 21ஆம் உறுப்புக்குக் கட்டுப்பட்டதே என்று 2021 பிப்ரவரி 1 அன்று நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது.

வாக்குமூலம் விஷயத்தில் தமிழ்நாடு கொடுத்த விலை பெரியது. ராஜீவ் கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் தடா சட்டத்தின் பயங்கரவாதக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று முடிவு செய்து, 19 பேரைக் கொலைச் சதியிலிருந்து விடுவித்தது. மீதிச் சில்லறைக் குற்றங்களுக்கான தண்டனையை அவர்கள் ஏற்கெனவே அனுபவித்து முடித்திருந்தார்கள். எட்டு ஆண்டு சிறை, அதில் பதினைந்து மாதம் தூக்குக் கயிற்றின் கீழ். தடா குற்றம் விழுந்தாலும், தடாவின் கீழ் காவல்துறை அதிகாரி எழுதிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது அதே தீர்ப்பு.

அந்த வாக்குமூலங்களில் ஒன்றை நெருங்கிப் பார்க்க வேண்டும். பேரறிவாளன் 1991 ஜூன் 11 அன்று கைதானபோது 19 வயது. இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. எதற்கு என்று தெரியாது என்றும் அவர் சொன்னார். அவருடைய வாக்குமூலத்தை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி வி. தியாகராஜன், ஓய்வு பெற்ற பிறகு, அந்தத் ‘தெரியாது’ என்ற பகுதியைத் தான் எழுதவில்லை என்று 2013இல் வெளியே சொன்னார். பின்னர் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்தார். விட்டுப்போன ஒரு வாக்கியத்துக்கு முப்பது ஆண்டு. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. மற்ற ஆறு பேரையும் விடுவிக்க நவம்பர் 11 அன்று உத்தரவிட்டது. கொடிய குற்றம் நடந்தது, 1991 மே 21 இரவு ராஜீவோடு செத்தவர்களுக்கும் குடும்பங்கள் இருந்தன. அதில் மறுபேச்சு இல்லை. அந்தக் குடும்பங்களுக்கும் அரசு கொடுக்க வேண்டியிருந்தது முழுசாக எழுதப்பட்ட வாக்குமூலத்தைத்தான்.

வேற்று மண்ணில் பிடிபட்டவனின் நிலை என்ன என்று தெரிந்துகொள்ள சிரியா வரை போக வேண்டாம் என்று சேர்வராயன், கல்வராயன், ஜவ்வாது மலைகளின் மலையாளிப் பழங்குடிகள் சொல்வார்கள். செம்மரம் வெட்டப் போனதாக ஆந்திரத்தில் கைதானவர்கள் மொழி புரியாத நீதிமன்றத்தில், வழக்கறிஞர் யார் என்றே தெரியாமல் மாதக்கணக்கில் கிடந்தார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரே நாட்டுக்குள், பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்தில் இருந்தவர்களுக்கே தங்கள் அரசு கை கொடுக்க இவ்வளவு தயக்கம். பயங்கரவாதம் என்ற சொல்லும் கூட ஒட்டிக்கொண்டால் அந்தக் கை நீளுவது எப்படி?

குழந்தைகளைப் பற்றி அதிகம் வாதிட ஒன்றும் இல்லை. நங்கர்ஹாரில் பிறந்த குழந்தை எந்த அமைப்பிலும் சேரவில்லை. அதற்கு எந்த நோட்டீசும் இல்லை. இந்தியத் தாய்க்கும் தந்தைக்கும் வெளிநாட்டில் பிறந்த குழந்தை குடியுரிமை பெறத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். சிறையில் இருக்கும் தாய் எந்தத் தூதரகத்துக்குப் போவாள்? தாயைப் பிரித்துவிட்டுக் குழந்தையை மட்டும் கொண்டு வரலாம் என்ற யோசனையும் நியாயமானதல்ல. தாய் வரட்டும், விமான நிலையத்திலேயே கைதாகட்டும், சிறையில் ஆறு வயது வரை பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள நம் சிறை விதிகளிலேயே வழி இருக்கிறது. பிறகு தாத்தா பாட்டி இருக்கிறார்கள். உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் ஒரு தாத்தாதானே.

இத்தனை வழக்குகளிலும் ஓர் உண்மை புலப்படுகிறது. வெளிநாட்டில் இப்படிப் பிடிபடும் இந்தியரை என்ன செய்வது என்பதற்கு இந்திய அரசிடம் எழுதப்பட்ட, வெளியிடப்பட்ட கொள்கை எதையும் காணோம். ஒருவர் தூதரகம் வழியாக வருகிறார், ஒருவர் திருப்பி அனுப்பப்படுகிறார், நால்வர் கைவிடப்படுகிறார்கள். எந்த அளவுகோல் என்று கேட்டால் பதில் இல்லை. தூதரக அதிகாரி எத்தனை நாளில் போய்ப் பார்க்க வேண்டும், ஒப்படைக்கக் கேட்பதா இல்லையா என்பதை யார் எத்தனை நாளில் முடிவு செய்ய வேண்டும், மறுத்தால் காரணத்தைக் குடும்பத்துக்கு எழுத்தில் தர வேண்டும், வந்தவருக்கு முதல் நாளிலிருந்தே இலவசச் சட்ட உதவி வேண்டும் என்று இரண்டு பக்கத்தில் எழுதிவிடக்கூடிய கொள்கை இது. புதிய சட்டம்கூடத் தேவையில்லை.

நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரில் தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவராவது, சேலத்துக்காரராக இருந்தால் இன்னும் பொருத்தம், வெளியுறவு அமைச்சரிடம் ஒரு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி கேட்க வேண்டும்: பயங்கரவாதக் குற்றச்சாட்டில் வெளிநாட்டுச் சிறைகளிலும் முகாம்களிலும் இருக்கும் இந்தியக் குடிமக்கள் எத்தனை பேர், அவர்களில் குழந்தைகள் எத்தனை பேர், அவர்களை நம் அதிகாரிகள் கடைசியாக எப்போது போய்ப் பார்த்தார்கள்? உங்கள் தொகுதி உறுப்பினருக்கு இதை எழுதி அனுப்ப ஒரு தபால் கார்டு போதும்.